சர்க்கரை நோய்க்கு ரோபோ அறுவைச் சிகிச்சை: பலன் யாருக்கு, எப்போது, எவ்வளவு?

ரோபோ மூலம் எடைக்குறைப்பு ஆபரேஷன், சுகருக்கு நிரந்தரத் தீர்வு என்று சொல்லும் விளம்பரங்கள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. பார்ப்பவர்களில் சிலர், பணம் பிடுங்கும் வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சிலர், மாத்திரை, ஊசி, பத்தியம் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று நம்பி, இருக்கிற சேமிப்பை எடுக்கக் கிளம்புகிறார்கள். இரண்டுமே அவசர முடிவுகள்.

இந்த அறுவைச் சிகிச்சை பலருக்கு உண்மையிலேயே பலன் தருகிறது. அதற்கு முப்பது ஆண்டு ஆய்வுச் சான்று இருக்கிறது. ஆனால் பலனைத் தருவது அறுவைதான், ரோபோ அல்ல. நோய் வந்த சில ஆண்டுகளுக்குள் செய்தால் பலன் அதிகம், தள்ளிப்போட்டால் குறைவு. செய்துகொண்டவர் ஆயுள் முழுக்க மருத்துவரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். விளம்பரத்தில் இந்த மூன்றும் இருப்பதில்லை என்பதால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எப்படித் தெரியவந்தது?

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர் 1966இல் இரைப்பை பைபாஸ் என்ற அறுவையைத் தொடங்கினார். அளவுக்கு மீறிய உடல் பருமனைக் குறைப்பதுதான் அவருடைய நோக்கம். அதைச் செய்துகொண்டவர்களில் சர்க்கரை நோயாளிகளுக்கு, எடை குறைவதற்கு முன்பே ரத்தச் சர்க்கரை இறங்குவதைப் பின்னால் வந்த மருத்துவர்கள் கவனித்தார்கள்.

வட கரோலினாவில் உள்ள கிரீன்வில் நகரின் வால்டர் போரிஸ் இதை முறையாகப் பதிவு செய்தார். 1995இல் வெளிவந்த அவருடைய ஆய்வில், பைபாஸ் செய்துகொண்ட 608 பேரில் 146 பேர் சர்க்கரை நோயாளிகள். அந்த 146 பேரில் 121 பேருக்கு, அதாவது 83 சதவீதத்தினருக்கு, சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்திருந்தது. எடைக்காகச் செய்த அறுவை சர்க்கரை நோய்க்கும் சிகிச்சையாகலாம் என்ற எண்ணம் அதன்பிறகுதான் வலுப்பெற்றது. 2016இல் உலகெங்கிலுமிருந்து 45 மருத்துவ அமைப்புகள் சேர்ந்து, இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கான சிகிச்சை முறைகளில் ஒன்றாக இதை ஏற்றுக்கொண்டன.

வயிற்றுக்குள் என்ன செய்கிறார்கள்?

பரவலாகச் செய்யப்படுபவை இரண்டு வகை. முதலாவது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழ வடிவில் ஒடுங்கிய குழாயாக விடுவார்கள். குடலைத் தொடுவதில்லை. வெட்டி எடுத்த பகுதியைத் திரும்பப் பொருத்த முடியாது.

இரண்டாவது இரைப்பை பைபாஸ். இதயத்துக்குச் செய்யும் பைபாஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையைத் தனியாகப் பிரித்து, சிறுகுடலின் கீழ்ப்பகுதியைக் கொண்டுவந்து அதனோடு இணைப்பார்கள். சாப்பிடும் உணவு மீதி இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியையும் தொடாமல் நேராகக் கீழே போய்விடும். எதையும் வெட்டி வெளியே எடுப்பதில்லை, பாதை மட்டும் மாறுகிறது.

சர்க்கரை நோய் கடுமையாக உள்ளவர்களுக்கு பைபாஸில் பலன் ஓரளவு கூடுதல். ஸ்லீவ் எளிமையானது, சத்துக் குறைபாடு குறைவு. ஆனால் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு ஸ்லீவுக்குப் பிறகு அது அதிகமாகலாம். உங்களுக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர் உங்கள் உடலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் ஒரே அறுவை என்று ஒரு மருத்துவமனை சொன்னால் யோசியுங்கள்.

எடை குறையும் முன்பே சர்க்கரை ஏன் இறங்குகிறது?

அறுவை முடிந்த சில நாட்களிலேயே சிலருக்கு இன்சுலின் தேவை பாதியாகிவிடும். அதற்குள் இரண்டு மூன்று கிலோதான் குறைந்திருக்கும். ஆகவே எடை மட்டும் காரணமாக இருக்க முடியாது.

முதல் காரணம், உள்ளே போகும் உணவு சட்டென்று மிகக் குறைந்துவிடுவது. அப்போது உடல் முதலில் கல்லீரலில் சேர்ந்திருக்கும் கொழுப்பைக் கரைக்கிறது. கொழுப்பு ஏறிய கல்லீரல் இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் இரவு பகலாகச் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கும். கொழுப்பு குறைந்ததும் அது அடங்குகிறது. காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை முதலில் இறங்குவது இதனால்தான்.

இரண்டாவது காரணம், குடலின் ஹார்மோன்கள். உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்கு விரைவாகப் போய்ச் சேரும்போது, அங்குள்ள செல்கள் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனை முன்னைவிடப் பல மடங்கு சுரக்கின்றன. சர்க்கரை ஏறியிருக்கும் நேரத்தில் கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுவது இதன் வேலை. பசியையும் இது அடக்குகிறது. பித்தநீரின் அமிலங்களிலும் குடல் நுண்ணுயிர்களிலும் மாற்றங்கள் உண்டாகின்றன. எடை குறைவதன் பலன், அதாவது தசைகள் இன்சுலினுக்கு நன்றாகக் கட்டுப்படுவது, அடுத்த சில மாதங்களில் வந்து சேருகிறது.

இவை அத்தனைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் கணையத்தில் போதுமான அளவு உயிரோடு இருக்க வேண்டும். முதல் வகைச் சர்க்கரை நோயில் அந்தச் செல்கள் அழிந்துவிடுவதால், இந்த அறுவை அதற்குச் சிகிச்சை ஆகாது. இரண்டாம் வகையிலும் ஆண்டுகள் போகப் போக அவை குறைகின்றன. காலம் ஏன் முக்கியம் என்பதற்கு இதுதான் அடிப்படை.

பலன் எவ்வளவு?

மருத்துவர்கள் 'குணம்' என்று சொல்வதில்லை, 'நோய் தணிந்த நிலை' என்கிறார்கள். சர்க்கரைக்கான மருந்துகளை நிறுத்தி மூன்று மாதங்களுக்குப் பிறகும் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது தணிந்த நிலை. இது 2021இல் சர்வதேச நிபுணர் குழு வகுத்த வரையறை. அதன்பிறகும் ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் நடத்திய ஆய்வில், கட்டுக்குள் வராத சர்க்கரை நோயாளிகள் 150 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். எச்பிஏ1சியை 6 அல்லது அதற்குக் கீழே கொண்டுவருவதுதான் இலக்கு. 5 ஆண்டு முடிவில் பைபாஸ் பிரிவில் 29 சதவீதத்தினரும், ஸ்லீவ் பிரிவில் 23 சதவீதத்தினரும் அந்த இலக்கில் இருந்தார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதத்தினர்தான்.

ஆண்டுகள் கூடும்போது பலன் தேய்வதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. சுவீடனில் 1987இல் தொடங்கிய பெரிய ஆய்வில், அறுவை செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகளில் 72 சதவீதத்தினர் 2 ஆண்டு முடிவில் தணிந்த நிலையில் இருந்தார்கள். 15 ஆண்டு முடிவில் அது 30 சதவீதமாகிவிட்டது. அமெரிக்காவின் நான்கு ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வெளிவந்த முடிவின்படி, 7 ஆண்டுக்குப் பிறகு தணிந்த நிலையில் இருந்தவர்கள் அறுவைப் பிரிவில் 18 சதவீதம், மருந்துப் பிரிவில் 6 சதவீதம்.

இந்த எண்களைப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டியதில்லை. நோய் திரும்பியவர்களுக்கும் பெரும்பாலும் முன்பைவிடக் குறைந்த மருந்தில் சர்க்கரை கட்டுப்படுகிறது. சுவீடன் ஆய்வில் கண், சிறுநீரகம், நரம்பு பாதிப்புகள் அறுவை செய்துகொண்டவர்களிடம் மற்றவர்களைவிடச் சுமார் பாதியாகவே இருந்தன. சர்க்கரை நோயாளியின் பார்வையையும் சிறுநீரகத்தையும் காப்பதுதான் எந்தச் சிகிச்சைக்கும் கடைசி இலக்கு. அந்த வகையில் இது பெரிய பலன்.

யாருக்குப் பொருந்தும்?

மருத்துவர்கள் முதலில் பார்ப்பது உடல் நிறை குறியெண், அதாவது பி.எம்.ஐ. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இது கிடைக்கும். நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேரும் தன்மை அதிகம். மேலைநாட்டவரைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுகிறது. அதனால் நமக்கான வரம்பை 2.5 புள்ளி குறைத்து வைத்திருக்கிறார்கள்.

2016ஆம் ஆண்டின் பரிந்துரைப்படி, ஆசியர்களில் பி.எம்.ஐ. 37.5க்கு மேல் உள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு அறுவை பரிந்துரைக்கப்படுகிறது. 32.5 முதல் 37.5 வரை உள்ளவர்களுக்கு, வாழ்க்கைமுறை மாற்றமும் மருந்தும் தந்தும் சர்க்கரை கட்டுப்படாவிட்டால் பரிந்துரைக்கப்படுகிறது. 27.5 முதல் 32.5 வரை உள்ளவர்களுக்கு, எல்லா மருந்தும் முயன்றும் கட்டுப்படாதபோது பரிசீலிக்கலாம். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு 27.5 என்பது சுமார் 75 கிலோ, 32.5 என்பது சுமார் 88 கிலோ. ஒல்லியான சர்க்கரை நோயாளிகளுக்கு இது சிகிச்சை அல்ல.

எடைக்கு அடுத்ததாகக் கணையத்தின் மிச்ச பலத்தைப் பார்க்க வேண்டும். சி-பெப்டைடு என்ற ரத்தப் பரிசோதனை, கணையம் சொந்தமாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும். நோய் வந்து சில ஆண்டுகளே ஆனவர், மாத்திரையில் மட்டும் இருப்பவர், வயது குறைந்தவர், சி-பெப்டைடு நன்றாக இருப்பவர் ஆகியோருக்கு நோய் தணியும் வாய்ப்பு அதிகம். பதினைந்து இருபது ஆண்டாக நோயோடு இருந்து, பல ஆண்டு இன்சுலினும் போட்டுக்கொண்டவருக்கு வாய்ப்பு மிகக் குறைவு. நம் ஊரில் எல்லா மருந்தும் கைவிட்ட பிறகு கடைசி முயற்சியாக ஆபரேஷனை யோசிப்பதே வழக்கம். இந்தச் சிகிச்சையில் அந்த வரிசை தவறானது.

ரோபோ என்ன செய்கிறது?

ரோபோ தானாக அறுவை செய்வதில்லை. நோயாளியின் வயிற்றில் சிறு துளைகள் போட்டு, அவற்றின் வழியே கேமராவையும் மெல்லிய கருவிகளையும் செலுத்துகிறார்கள். அவை ரோபோவின் கைகளில் பொருத்தப்பட்டிருக்கும். மருத்துவர் அதே அறையில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, பெரிதாக்கப்பட்ட முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தபடி கைப்பிடிகளை இயக்குவார். அவர் விரல் அசைவதற்கு ஏற்ப உள்ளே கருவி அசையும். நோயாளியின் பக்கத்தில் உதவி மருத்துவரும் மயக்க மருத்துவரும் நிற்பார்கள். உலகில் அதிகம் பயன்படும் டாவின்சி கருவிக்கு அமெரிக்க அரசு 2000இல் அனுமதி தந்தது. இந்தியாவில் தயாராகும் எஸ்எஸ்ஐ மந்த்ரா என்ற கருவியும் இப்போது பயன்பாட்டில் இருக்கிறது. சென்னை ஓமந்தூரார் தோட்டத்தில் உள்ள அரசு பன்னோக்கு மருத்துவமனையில் ரோபோ அறுவை வசதி 2022இல் தொடங்கப்பட்டது.

லேப்ராஸ்கோப்பி முறையிலும் இதே சிறு துளைகள்தான். அதில் மருத்துவர் நீண்ட கருவிகளை நேரடியாகக் கையில் பிடித்திருப்பார். வயிற்றுச் சுவர் மிகத் தடிமனாக உள்ளவர்களிடம் அந்தக் கருவிகளைத் திருப்புவது கடினம், மருத்துவரின் தோளும் மணிக்கட்டும் சோர்ந்துபோகும். ரோபோவின் கருவி முனை மணிக்கட்டைப் போலத் திரும்பும், கை நடுக்கத்தை வடிகட்டும். குறுகிய இடத்தில் தையல் போடவும், முன்பு அறுவை நடந்த வயிற்றில் மீண்டும் அறுவை செய்யவும் இது வசதி.

ஆனால் சர்க்கரை குறைவது குடலில் செய்த மாற்றத்தால். அந்த மாற்றத்தை எந்தக் கருவியால் செய்தார்கள் என்பது உடலுக்குத் தெரியாது. ரோபோவில் செய்தால் சர்க்கரை கூடுதலாகக் குறையும் என்பதற்குச் சான்று இல்லை. இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் எடைக்குறைப்பும் சிக்கல்களும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ரோபோவில் நேரமும் செலவும் கூடுதல். நூற்றுக்கணக்கில் லேப்ராஸ்கோப்பி செய்து தேர்ந்த மருத்துவரா, ரோபோவில் இப்போதுதான் பழகிவரும் மருத்துவரா என்றால், முதலாமவரையே தேர்ந்தெடுங்கள்.

ஆபத்துகள்

அமெரிக்காவில் 4,776 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வில், அறுவை முடிந்த 30 நாளுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம். தேர்ந்த மையங்களில் இது மிகவும் பாதுகாப்பான அறுவை. ஆனாலும் தையல் கசிவு, ரத்தப்போக்கு, காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைப்பது ஆகிய ஆபத்துகள் உண்டு. 2024இல் சென்னையை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக்குறைப்பு அறுவைக்குப் போன இளைஞர் இறந்ததும், அரசு விசாரணைக்கு உத்தரவிட்டதும் பலருக்கு நினைவிருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவும் முழுநேர மயக்க மருத்துவரும் இல்லாத இடத்தில் இந்த அறுவைக்குச் சம்மதிக்கக் கூடாது.

அறுவைக்கு முன் கண் பரிசோதனை அவசியம். சர்க்கரை வேகமாக இறங்கும்போது, விழித்திரையில் ஏற்கெனவே உள்ள பாதிப்பு சிலருக்குத் தற்காலிகமாக மோசமாகலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளைக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் கையில் கொண்டுபோங்கள். புகைபிடிப்பவர்கள் அதை அடியோடு விட வேண்டும்.

அதன்பிறகு வாழ்க்கை

முதல் இரண்டு வாரங்கள் திரவ உணவு, பிறகு குழைந்த உணவு, அதன்பிறகு மெல்ல மெல்லச் சாதாரணச் சாப்பாடு. தட்டில் முதல் இடம் புரதத்துக்கு. முட்டை, மீன், கோழி, பருப்பு, சுண்டல், பனீர், தயிர் ஆகியவற்றை முதலில் சாப்பிட்டு, இடமிருந்தால் சோறோ இட்லியோ எடுத்துக்கொள்ள வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. பைபாஸ் செய்தவர்கள் இனிப்புச் சாப்பிட்டால் சிறிது நேரத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். சிலருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை தாழ்ந்துபோவதும் உண்டு.

பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை ஆயுள் முழுக்க எடுத்துக்கொள்ள வேண்டும். சைவ உணவுக்காரர்களுக்கும் நீண்டகாலம் மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களுக்கும் பி12 ஏற்கெனவே குறைவாக இருக்கலாம் என்பதால் அவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. இரும்பு மாத்திரையை டீ, காபியோடு விழுங்கக் கூடாது. கால்சியத்துக்கும் இரும்புக்கும் இடையே இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். விடாமல் வாந்தி எடுத்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தயமின் என்ற வைட்டமின் குறைந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம்.

பைபாஸ் செய்தவர்கள் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும், தையல் போட்ட இடத்தில் புண் வரலாம். மது மிக வேகமாக ரத்தத்தில் ஏறும், அடிமையாகும் அபாயமும் கூடும். பெண்கள் அறுவைக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். எடை குறையும்போது கருவுறும் வாய்ப்பு அதிகமாகும் என்பதால், கருத்தடை முறை பற்றி முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

வேறு வழி உண்டா?

உண்டு. பிரிட்டனில் நடந்த டைரக்ட் என்ற ஆய்வில், நோய் வந்து 6 ஆண்டுக்குள் இருந்தவர்களுக்குச் சில மாதங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி உணவு மட்டும் தந்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதத்தினரும் இரண்டாண்டு முடிவில் 36 சதவீதத்தினரும் தணிந்த நிலையில் இருந்தார்கள். மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் இதை முயலக் கூடாது. செமாக்ளூடைடு, டிர்செபடைடு ஆகிய புதிய மருந்துகள் ஜிஎல்பி-1 ஹார்மோனின் வழியில் வேலைசெய்து எடையையும் சர்க்கரையையும் நன்றாகக் குறைக்கின்றன. நிறுத்தினால் பலருக்கு எடை திரும்புகிறது. அறுவைக்குப் போகும் முன் இந்த இரண்டு வழிகளையும் மருத்துவரிடம் பேசியிருக்க வேண்டும்.

காப்பீடு கிடைக்குமா?

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, 18 வயது நிரம்பியவருக்கு பி.எம்.ஐ. 40க்கு மேல் இருந்தாலோ, 35க்கு மேல் இருந்து கட்டுப்படாத இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் போன்ற கடும் பாதிப்பு இருந்தாலோ எடைக்குறைப்பு அறுவைக்குப் பணம் கோரலாம். மருத்துவப் பரிந்துரை ஆசியர்களுக்கு 27.5இலேயே தொடங்குகிறது. இடையில் இருப்பவர்கள் பெரும்பாலும் கைக்காசுதான் போட வேண்டியிருக்கிறது. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகள் இருப்பதாகச் சொல்கிறது. அத்தனை பேர் உள்ள நாட்டில் காப்பீட்டுக்கான இந்த வரம்பு திருத்தப்பட வேண்டும். ரோபோ அறுவைக்குப் பல பாலிசிகளில் தனி உச்சவரம்பு இருக்கும், முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

மருத்துவரிடம் கேளுங்கள்

- என் சி-பெப்டைடு அளவு என்ன? எனக்கு நோய் தணிய எவ்வளவு வாய்ப்பு?
- எனக்கு ஸ்லீவா, பைபாஸா? ஏன்?
- இந்த அறுவையை நீங்கள் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? ரோபோவில் எத்தனை?
- லேப்ராஸ்கோப்பியில் செய்தால் எனக்கு என்ன குறை? செலவில் வித்தியாசம் எவ்வளவு?
- ஐந்து ஆண்டு வரை என்னைப் பின்தொடர உணவியல் நிபுணரும் சர்க்கரை நோய் மருத்துவரும் உங்கள் குழுவில் இருக்கிறார்களா?

இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோய் வந்து சில ஆண்டுகளே ஆகி, எடையும் கூடுதலாக இருந்து, மருந்தில் கட்டுப்படாமல் இருந்தால் இந்தப் பேச்சை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடாதீர்கள். ரோபோ கிடைக்கவில்லை என்பதற்காகவும் காத்திருக்காதீர்கள்.